வாசித்துக் காட்டுபவர் யார்?

தோட்டத் தொழிலாளரின் வரலாற்றிலே ‘துண்டு’ என்ற சொல்லுக்குத் தனியிடம் உண்டு. ஒரு தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமாயின் துரை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த சிறு காகிதமே அது. இன்ன ஆளின் பேரில் இவ்வளவு ரூபா கடன் நிற்கிறது. அதனைச் செலுத்துவோரிடம் இவரை விட்டுவிடச் சம்மதம் என்பதே அதன் சாரம். மனிதரின் விலை எழுதப்பட்ட அக்காகிதம் தோட்டந் தோட்டமாகக் கைமாறியது. அதிலே எழுதியிருந்தது என்ன என்பதை, அதிலே குறிக்கப்பட்டவரால் மட்டும் வாசிக்க முடியவில்லை.

வாசிக்கத் தெரியாதவர் வாசிக்கத் தெரிந்தவரையே நம்ப வேண்டியிருந்தது. லயத்தைச் சுற்றி வாசிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் கங்காணியாகவோ கணக்கப்பிள்ளையாகவோ இருந்தார். அதாவது, கடன் கணக்கை வைத்திருந்தவரே அதனை வாசித்தும் காட்டினார். அவர் நல்லவராயின் தொழிலாளி தப்பினார்; அல்லராயின் அதனைக் கண்டுபிடிக்கும் வழி தொழிலாளியிடம் இருக்கவில்லை. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. துண்டு எழுப்பிய கேள்வியை எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் விழிப்புலனற்றோரின் வாசிப்பைப் பற்றியும் எழுதப் புகுந்த நாம் துண்டிலிருந்து தொடங்குவானேன் என்று வாசகர் வினவலாம். தமக்குரிய காகிதத்தைத் தாமே வாசிக்க இயலாத ஒருவர் அதனை இன்னொருவர் வாயாற் கேட்கும்போது, கேட்டது சரிதானா என அறிந்துகொள்ள அவருக்கு என்ன வழி? அன்று லயத்திலே எழுந்த கேள்வி இதுவே. இன்று பொறி வாசித்துக் காட்டுகின்றது. கேள்வி மட்டும் அப்படியே நிற்கின்றது. அதன் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நோக்குவது நமக்குப் பயன்தரும்.

*

மலையகத்திலே இக்கேள்விக்கு இரண்டு விடைகள் தேடப்பட்டன. வாசிக்கக் கற்பிப்பது ஒன்று. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியது. கடமை ஏட்டில் இருந்தது. நடைமுறையில் ஓர் அறையும் ஓர் ஆசிரியருமே பல தோட்டங்களிற் பாடசாலை எனப்பட்டன. அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்குவதற்கு 1970 கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தொழிலாளியின் பக்கத்திலே நிற்கும் வாசகரை உண்டாக்குவது மற்றைய விடை. 1931 ஆம் ஆண்டில் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய கோ. நடேசய்யர் துண்டுப் பிரசுரங்களையும் பத்திரிகைகளையும் வெளியிட்டார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளரின் நிலையைப் பாட்டாக இயற்றிக் கூட்டங்களிலே பாடினார். பாட்டு ஏன்? கேட்பவருட் பெரும்பாலோருக்கு எழுத்து எட்டாது, செவி எட்டும். எழுத்திலுள்ளதை எழுத்தறியாதவரும் பெறத்தக்க வடிவிலே தருவதையே இன்று ‘அணுகுவசதி’ என்று அழைக்கின்றோம். பெயர் புதிது, வேலை எமது மலைகளுக்குப் பழையது.

காகிதம் எட்டாமையின் விலை எவ்வளவு என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் காட்டின. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எம் மக்களை நாடற்றோராக்கியது. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. அரசியற் பகைமையே அதன் மூலகாரணம் என்பதில் ஐயமில்லை. எனினும், அப்பகைமைக்குக் கருவியாக அமைந்தது காகிதம். பிறப்புச் சான்று, வதிவுச் சான்று, படிவத்தின் நிரல் என ஒவ்வொன்றும் எழுத்தறியாத குடும்பத்தின் முன்னே மதிலாக நின்றது.

*

கண்ணிருந்தும் எழுத்தறியாதவர் நிலை இது. கண்ணொளி இல்லாதவர் நிலை யாது? அவர்களுடைய வரலாறு நமக்கு மற்றுமொரு பாடத்தைத் தருகின்றது.

18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே வலன்ரைன் ஆயுயி என்பவர் பாரிஸ் நகரில் விழிப்புலனற்ற சிறுவருக்கான பாடசாலையைத் தொடங்கினார். சாதாரண எழுத்துகளையே காகிதத்தில் மேடாக அழுத்தி, விரலால் தடவி வாசிக்கச் செய்தார். முயற்சி உயர்ந்தது. ஆயினும், அவ்வெழுத்துகள் பார்க்கும் கண்ணுக்கு ஏற்றவை. தடவும் விரலுக்கு ஏற்றவையல்ல. அதே பாடசாலையில் மாணவராயிருந்த லூயி பிரெயில், 1824 ஆம் ஆண்டில், தம் பதினைந்தாவது வயதில், ஆறு புள்ளிகளைக் கொண்ட முறையை வகுத்தார். ஆறு புள்ளிகளால் 63 குறிகளை அமைக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு விரல்நுனிக்குள் அடங்கும். கண்ணுடைய நிருவாகத்தார் அதனை எளிதில் ஏற்கவில்லை. ஒரு காலத்தில் தடையும் விதித்தனர். மாணவர்கள் மறைவிலே அதனைப் பயன்படுத்தி வந்தனர். 1852 ஆம் ஆண்டில் பிரெயில் மறைந்தார். அவர் முறை பிரான்சிலே உத்தியோகபூர்வமாக ஏற்கப்பட்டது 1854 ஆம் ஆண்டில். ஒருவருக்கான கருவி எதுவென்று தீர்மானிக்கும் இடத்திலே அவரை அமர்த்தாவிடின் முப்பது ஆண்டுகள் வீணாகும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமோ?

தமிழகத்திலே பாளையங்கோட்டையில் அஸ்க்வித் அம்மையார் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் விழிப்புலனற்றோருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். இலங்கையிலே மேரி சப்மன் அம்மையார் 1912 ஆம் ஆண்டில் செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமான பாடசாலையைத் தொடங்கினார். அது இரத்மலானையில் நிலைபெற்றது. அக்காலத்தில் இந்திய மொழிகளுக்குப் பிரெயில் முறைகள் பலவாக இருந்தன. ஒரு முறையிற் படித்தவர் இன்னொரு முறை நூலை வாசிக்க இயலாது. 1951 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆதரவில் பெய்ரூத்திலே நடந்த மகாநாடு இக்குழப்பத்துக்கு முடிவு கட்ட வழிசெய்தது. அப்பணிக்கு ஆலோசகராக இருந்தவர் கிளூத்தா மக்கென்சி. 1915 ஆம் ஆண்டின் கலிப்போலிப் போரிலே இரு கண்களையும் இழந்த நியூசிலாந்துக்காரர். இங்கும் கண்ணற்றவரே முன்னின்றார் என்பது மனங்கொளத்தக்கது.

அம்முறையில் அமைந்த தமிழ்ப் பிரெயிலில் ஒரு நுட்பம் உண்டு. ‘கொ’ என்று கண்ணுக்கு எழுதும்போது கொம்பை முன்னேயும் காலைப் பின்னேயும் இடுகின்றோம். பிரெயிலிலோ முதலிற் ககரம், பின்பு ஒகரம் என்று ஒலிக்கும் வரிசையிலேயே குறிகள் நிற்கும். எழுத்தை ஒலியின் வரிசையில் வைத்தல் என்னும் இக்கருத்து, கணினித் தமிழுக்கும் பின்னர் தேவைப்பட்டது.

*

அச்சிட்ட எழுத்தைப் பொறியே வாசிக்க வேண்டும் என்ற கனவும் பழையதே. ஏறத்தாழ 1914 ஆம் ஆண்டில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போர்னியர் டல்பே, எழுத்தின் வடிவத்தை இசை ஒலிகளாக மாற்றும் ‘ஒப்ரபோன்’ என்ற கருவியை ஆக்கினார். 1918 ஆம் ஆண்டில் மேரி ஜேம்சன் என்னும் விழிப்புலனற்ற பெண் அதனைக்கொண்டு மக்கள் முன்னே வாசித்துக் காட்டினார். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு சொல்லே அன்று இயன்றது. எழுத்தைப் பேச்சாகவே மாற்றும் பொறியை ரே கேர்ஸ்வைல் 1976 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அமெரிக்க விழிப்புலனற்றோரின் தேசியக் கூட்டமைப்பு அதன் ஆக்கத்திலும் சோதனையிலும் உடனின்றது. 2006 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மைக்கல் கரன் என்னும் விழிப்புலனற்ற இளைஞர், கணினித் திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் திரைவாசிப்பான் ஒன்றை எழுதத் தொடங்கினார். அவரைப் போன்றே விழிப்புலனற்றவரான ஜேம்ஸ் தே அவருடன் இணைந்தார். ‘என்விடிஏ’ எனப்படும் அது இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றது, தமிழையும் வாசிக்கின்றது.

ஆனால் எந்தத் தமிழை? இங்கேதான் எமது சொந்தக் குறையொன்று வெளிப்படுகின்றது. இலங்கையிலே தமிழைத் தட்டச்சிடுவோர் நெடுங்காலமாகப் ‘பாமினி’ என்னும் எழுத்துருவைப் பயன்படுத்தி வந்தனர். அதிலே கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்துகளையே. அவற்றின்மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கும். கண்ணுக்குத் ‘தமிழ்’ என்று தெரியும் சொல்லைத் திரைவாசிப்பான் ‘ஜே, கே, பி, ஓ’ என்றும் ஓர் அரைப்புள்ளி என்றும் வாசிக்கும். 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த யுனிகோட் முறையிலே தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்கள் உண்டு. ‘கொ’ வும் பிரெயிலிற் போலவே ஒலியின் வரிசையில் நிற்கும். ஆண்டுகள் முப்பதுக்கு மேல் கடந்தும், அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாமினியில் ஆக்கிய கோப்புகள் இன்னும் உலவுகின்றன.

எமது வகுப்பிலே பார்வை மிக மங்கிய மாணவி ஒருத்தி கற்கின்றாள். கொழும்பிலே கடையொன்றில் வேலைபார்க்கும் அண்ணன் வாங்கிக் கொடுத்த கைத்தொலைபேசியே அவளுக்குப் பாடப்புத்தகம். ஒருமுறை புலமைப்பரிசில் பற்றிய அறிவித்தல் ஒன்று கோப்பாக வந்தது. காதில் வைத்துக் கேட்டவள், தொலைபேசியை எம்மிடம் நீட்டி, “இது என்ன பாசை, சேர்?” என்று வினவினாள். தமிழிலே பட்டம் பெற்ற நாம் அதற்கு என்ன விடை கூறுவது? அறிவித்தலை நாமே வாசித்துக் காட்டினோம். அவளும் நன்றி கூறினாள். ஆனால், ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓர் ஆசிரியரைத் தேடும் நிலைக்கும், லயத்திலே கணக்கப்பிள்ளையைத் தேடிய நிலைக்கும் இடையே தூரம் அதிகமில்லை என்ற எண்ணம் அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை.

*

இத்தகைய தடைகளைக் கடப்பதற்குச் செயற்கை நுண்ணறிவு உதவுகின்றது என்பதை மறுப்பது நேர்மையாகாது. அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரிகள் பொறிகளைப் பயிற்றும் முறையினாலே பெரிதும் திருந்தியுள்ளன. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியற் கழகத்தில் பேராசிரியர் ஆ. க. இராமகிருஷ்ணன் குழுவினர் தமிழ் எழுத்துணரியையும் தமிழ்ப் பேச்சுப் பொறியையும் ஆக்கினர். அச்சிட்ட தமிழ் நூல்களைப் பிரெயிலாக்கும் பணிக்கும் அவ்வெழுத்துணரி உதவியது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 ஆம் ஆண்டு முதல் மின்வடிவிலே காத்துவரும் நூலகம் திட்டத்திலே பக்கப்படங்களாகக் கிடப்பவை ஏராளம். அப்படங்கள் எழுத்தாகுமாயின், மலையக இலக்கியத்தைக் கண்ணற்ற மாணவரும் காதாற் கற்கலாம். டென்மார்க்கிலே பார்வை குன்றிய ஹான்ஸ் யோர்கன் வீபெர்க் தொடங்கிய ‘பி மை ஐஸ்’ என்னும் செயலி, 2015 ஆம் ஆண்டு முதல் விழிப்புலனற்றோருக்கு உலகெங்குமுள்ள தொண்டர்களின் கண்களை இரவல் தந்தது. 2023 ஆம் ஆண்டு முதல் அதிலே செயற்கை நுண்ணறிவும் படங்களை விவரிக்கின்றது. நள்ளிரவிலே மருந்துப் போத்தலின் மேலுள்ள எழுத்தை அறிய அயலாரை எழுப்ப வேண்டாம் என்பது சிறிய விடுதலையன்று.

ஆயின் பழைய பொறிக்கும் புதிய பொறிக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. பாமினிக் கோப்பை வாசித்த பழைய பொறி பிழைத்தபோது, பிழை காதைக் குத்தியது. கேட்டவருக்கு உடனே தெரிந்தது. புதிய பொறி பிழைக்கும்போதும் தெளிவாகவும் பணிவாகவும் நல்ல தமிழிலே பேசுகின்றது. தெரியாததை இட்டு நிரப்பிவிடுகின்றது. பேச்சை எழுத்தாக்கும் பெயர்பெற்ற பொறியொன்றை ஆராய்ந்து அமெரிக்க ஆய்வாளர் 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பதிவிலே, எவரும் பேசாத தொடர்களைப் பொறி தானே சேர்த்துவிட்டதெனக் கண்டது. பேச்சிலே இடைவெளி மிக்க, மொழித்திறன் பாதிப்புற்றோரின் பதிவுகளில் இது கூடுதலாக நேர்ந்தது என்பதையும் அது காட்டியது. உதவி எவருக்கு மிகத் தேவையோ அவரிடமே பிழையும் மிகுகின்றது.

மலையகப் பேச்சு அப்பொறிகளுக்கு எவ்வளவு தெரியும் என்ற கேள்வியும் உண்டு. எமது மக்கள் ‘பேர்’ என்றால் ஒரு நாட் சம்பளம். ‘அரைப்பேர்’ என்றால் பாதிச் சம்பளம். ‘பெரட்டு’ என்றால் காலையிலே ஆள்கணக்கு எடுக்குமிடம். ‘அரைப்பேர் போட்டுவிட்டார்கள்’ என்று ஒரு தாய் முறையிடும்போது, பேரைப் பெயரென்றே கொண்டு, அரைகுறையாகப் பெயர் பதியப்பட்டதெனப் பொறி எழுதிவிட்டால், சம்பள வழக்கு பதிவுப் பிழையாகிவிடும். அந்த மனுவைக் கண்ணால் வாசித்துத் திருத்த இயலாதவர் அதனைத் தம் பெயரிலேயே அனுப்பியும் விடுவார்.

அவ்வாறான ஒரு நிகழ்ச்சி அண்மையில் எம் மாணவிக்கே நேர்ந்தது. பாட்டியின் மருந்துச் சீட்டைப் படமெடுத்துப் பொறியிடம் காட்டினாள். ‘நாளுக்கு மூன்று வேளை’ என்று அது கூறியது. மனம் ஒப்பாமல் மறுபடியும் படமெடுத்துக் கேட்டாள். ‘காலையும் இரவும்’ என்று இம்முறை கூறியது. முன்பு கூறியதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரே சீட்டுக்கு இரண்டு வாசிப்பு! மருந்து கொடுத்தவரிடமே சீட்டைக் கொண்டுசென்று கேட்டபின்னர்தான் காலையும் இரவும் என்பது உறுதியாயிற்று.

*

அங்ஙனமாயின் இக்கருவியைத் தள்ளிவிடலாமா? கூடாது. கண்ணுள்ளவர் வசதியாக அமர்ந்து, கண்ணற்றவரை நோக்கி, ‘பொறி பிழைவிடும், வேண்டாம்’ என்று உபதேசிப்பதும் அன்று பிரெயிலைத் தடுத்த நிருவாகத்தாரின் குரலே. கருவியைப் பொறுப்போடு கையாளும் நெறி யாது என்பதே நம் முன்னுள்ள கேள்வி. வரலாறு காட்டும் வழிகள் சில உள.

முதலாவது, மூலத்தைத் திருத்துதல். அறிவித்தலை யுனிகோட்டில் எழுதி, தலைப்பைத் தலைப்பாகவே குறித்து, படத்துக்கு ஒரு வரி விளக்கம் சேர்த்தால், திரைவாசிப்பானே போதும்; நுண்ணறிவு எதுவும் வேண்டியதில்லை. இணையத்தளங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்ற சர்வதேச நெறிகள் 1999 ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டன. அதனைச் செய்யாமல், இறுதியிலே ஒரு பொறியை ஒட்டிவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது வியாபாரப் பேச்சு. எந்தத் தளத்தையும் தன் நுண்ணறிவுக் கருவி நெறிக்கிணங்கச் செய்துவிடும் என்று விளம்பரஞ் செய்த ‘அக்செசிபி’ என்னும் கம்பனிமீது அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்து, 10 இலட்சம் டொலர் செலுத்துமாறு 2025 ஆம் ஆண்டில் கட்டளையிட்டது.

இரண்டாவது, பொறி வாசித்தது என்பதை மறையாது கூறுதலும் மூலத்தை அருகிலேயே வைத்தலும். ஐயமுள்ள இடத்தில் ‘தெளிவில்லை’ என்று கூறப் பொறியைப் பழக்க வேண்டும். மருந்து, சம்பளம், காணி, வழக்கு ஆகியவற்றிலே மனிதர் ஒருவர் சரிபார்க்காத பொறிவாசிப்பை எவரும் முடிவாகக் கொள்ளலாகாது.

மூன்றாவது, பயன்படுத்துவோரே சோதிப்போராதல். தமிழ்ப் பேச்சுப் பொறியைச் சென்னைத் தமிழிலும் கொழும்புத் தமிழிலும் மட்டுமன்றி, டிக்கோயாவிலும் பொகவந்தலாவையிலும் பேசும் தமிழிலும் சோதிக்க வேண்டும். சோதிப்போரிலே விழிப்புலனற்றோர் கூலி பெறும் பணியாளராக இருக்க வேண்டும்.

நான்காவது, அந்தரங்கம் காத்தல். கண்ணற்றவர் பொறியிடம் காட்டும் காகிதம், வங்கிக் கடிதமாகவோ நோயறிக்கையாகவோ இருக்கலாம். அது கடல்கடந்த கம்பனிகளின் களஞ்சியத்துக்குப் போகின்றதா என்று அறியும் உரிமை அவருக்கு உண்டு. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நாட்டிலே நிறைவேற்றப்பட்டுள்ளது.

இவை எவரிடமும் இரந்து கேட்பவையல்ல. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையில் உண்டு. தகவலையும் தொடர்பாடலையும் அணுகும் உரிமையைத் தன் 9 ஆம் உறுப்புரையிலே கூறும் ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016 ஆம் ஆண்டில் ஏற்றுறுதி செய்தது. தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டும் என்பது 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம். இம்மூன்றையும் சேர்த்து வாசித்தால், கண்ணற்ற தமிழ்ப் பிள்ளைக்குக் காதால் வாசிக்கத்தக்க தமிழ் அறிவித்தல் சட்டப்படி உரியது என்பது பெறப்படும். 2023 ஆம் ஆண்டில் அஸ்வெசும நலத்திட்டத்துக்கான மேன்முறையீடுகள் இணையத்தின் வழியே ஏற்கப்பட்டதை எம் மக்கள் கண்டனர். நலன்புரி உதவியும் திரைவழியே வரும் காலத்திலே, திரையை வாசிக்க இயலாமை பசியாகவே வந்து முடியும்.

எம் போன்ற ஆசிரியர்க்கும் இதிலே வேலை உண்டு. எமது பாடசாலையில் வினாத்தாள்களை இப்போது யுனிகோட்டிலேயே தட்டச்சிடுகின்றோம். பழைய அச்சிலே கொம்பு சுழித்த ‘னை’ யும் ‘லை’ யும் எழுத்துணரியைத் தடுமாறச் செய்வதால், மேல்வகுப்பு மாணவர்கள் பொறி பிரித்தெடுத்த பக்கங்களை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துகின்றனர். அம்மாணவி காதாற் கேட்டு, பொருள் இடறும் இடங்களைக் குறித்துக் கொடுக்கின்றாள். கண்ணுள்ளவர் கவனியாது கடந்த பிழைகள் பலவற்றை அவளே பிடித்தாள். மாதத்துக்குச் சில பக்கங்களே முடிகின்றன; எனினும் அவை நம்பத்தக்க பக்கங்கள்.

துண்டைக் கையிலேந்திய எமது முன்னோருக்கு, வாசித்துக் காட்டியவரை மறுத்துக் கேட்க வழியிருக்கவில்லை. மருந்துச் சீட்டை இரண்டாம் முறை படமெடுத்த அச்சிறுமிக்கு அந்த வழி ஓரளவேனும் கிட்டியிருக்கின்றது. மறுபடியும் கேட்கும் அவளுடைய உரிமையையும், கேட்டதைச் சரிபார்த்துத் தரும் மனிதர் அருகில் இருப்பதையும் உறுதிசெய்வதே அறிஞர்க்கும் அரசுக்கும் ஆசிரியர்க்கும் உரிய கடன்.